மேசைமேல் ஒரு சேனை

சிறிய உருவங்களில் பெரிய உலகத்தைக் காணும் ஆசை மனிதனுக்கு இயல்பானது. மரப்பாச்சிக்குச் சேலை கட்டி மகிழும் சிறுமியும், களிமண்ணால் தேர் செய்து நூல் கட்டி இழுக்கும் சிறுவனும் இந்த ஆசைக்கு உரியவர்களே. பிறந்த மண்ணை விட்டுத் தொலைதூர நகரங்களில் குடியேறிய நம் குடும்பங்கள் பலவற்றில், பெட்டி படுக்கைகளோடு கொலுப் பொம்மைகளும் பழந்துணியில் பொதியப்பட்டு ரயிலேறி வந்தன. வாடகை வீட்டின் சிறு கூடத்தில் படி கட்டிப் பொம்மை வைக்கிறோம். படிக்குக் கீழே மணல் பரப்பி, கேழ்வரகு முளைக்கவிட்டு, வயலும் குளமும் சாலையும் அமைத்துப் பிள்ளைகள் ஓர் ஊரையே உண்டாக்கி விடுகிறார்கள். எந்த உருவம் எங்கே நிற்க வேண்டும், எதனருகில் எது பொருந்தும் என்று அவர்கள் வாதாடும்போது, அங்கே ஒரு கலையுணர்ச்சி வேலை செய்கிறது என்பதை நாம் மறுக்க இயலாது.

மேலை நாடுகளில் இதற்கு உறவான ஒரு கலை வளர்ந்திருக்கிறது. ஏறத்தாழ ஓர் அங்குல உயரமுள்ள போர்வீரர் உருவங்களைச் சேர்த்து, அவற்றை அறுத்தும் ஒட்டியும் தம் கற்பனைக்கேற்ப மாற்றி, ஒவ்வொன்றுக்கும் கையால் வர்ணம் தீட்டி, ஒரே கருத்தால் பிணைந்த ஒரு சேனையாக்கி, மேசைமேல் நிறுத்திப் போட்டியிடுவதே அக்கலை. இன்று நம் நாட்டுப் பெருநகரங்களிலும் இதில் ஈடுபட்ட இளைஞர் இருக்கின்றனர். வீட்டுப் பிள்ளை ஒரு பெட்டி பிளாஸ்டிக் வீரர்களை வாங்கி வந்து, கத்தியும் பசையுமாக இரவு நெடுநேரம் அமர்ந்திருந்தால், ‘இது என்ன விளையாட்டு? இதனால் என்ன பயன்?’ என்று பெற்றோர் வினவுவது இயற்கை. அவ்வினாவுக்கு விடை காணும் முயற்சியே இக்கட்டுரை.

சதுரங்கத்தின் வழிவந்த விளையாட்டு

யானை, தேர், குதிரை, காலாள் என்னும் நால்வகைப் படையையும் ஒரு பலகையில் அடக்கிய சதுரங்கம் நம் நாட்டில் தோன்றிப் பாரசீகம் வழியாக மேற்கே சென்றது. ஆறும் குன்றும் காடும் இல்லாத அந்தச் சமதளப் பலகை, மெய்யான போர்க்களத்தைக் காட்டவில்லை என்று ஐரோப்பியர் சிலர் கருதினர். 1812ஆம் ஆண்டில் வான் ரைஸ்விட்ஸ் என்பவர், பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரெடரிக் வில்லியத்துக்கு நிலப்பரப்புகளை மாற்றி மாற்றி அடுக்கத்தக்க ஒரு விளையாட்டு மேசையைச் செய்து அளித்தார். பீரங்கிப் படையில் அதிகாரியாயிருந்த அவருடைய புதல்வர், அவ்விளையாட்டின் விதிகளைத் திருத்தி 1824ஆம் ஆண்டில் அச்சிட்டார். பிரஷ்யப் படை அதிகாரிகளுக்கு அது பயிற்சிக் கருவியாயிற்று.

அதனை வீட்டுக்குக் கொண்டுவந்த பெருமை ஆங்கில நாவலாசிரியர் எச். ஜி. வெல்ஸுக்கு உரியது. 1913ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ என்னும் சிறு நூலில், ஈயச் சிப்பாய்ப் பொம்மைகளைக் கூடத்துத் தரையில் நிறுத்தி, மரத்துண்டை எய்யும் சிறு பொம்மைப் பீரங்கியால் வீழ்த்தி விளையாடுவதற்கு விதிகள் வகுத்தார். அந்நூலின் முடிவில் அவர், மெய்ப்போரின் மடமையை எடுத்துக்காட்டி, போர் வேண்டுவோர் இந்தச் சிறுபோரோடு அமைதி கொள்ளலாம் என்னும் கருத்தைக் கூறினார். மறு ஆண்டே உலகப் பெரும்போர் மூண்டது.

1959ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஏர்பிக்ஸ் கம்பெனி மலிவான பிளாஸ்டிக் வீரர் பொம்மைகளை விற்கத் தொடங்கியது. 1962ஆம் ஆண்டில் டொனால்டு பெதர்ஸ்டோன் எழுதிய ‘வார் கேம்ஸ்’ என்னும் நூல் இந்த விளையாட்டைப் பலருக்கும் அறிமுகப்படுத்தியது. கடையில் கிடைத்த வகைகளோ சில. விளையாடுவோர் விரும்பிய சேனைகளோ பல. ஆகவே ஒரு நாட்டு வீரனின் தலையை மற்றொரு நாட்டு வீரனின் உடலில் பொருத்தும் வழக்கம் பரவியது. இன்று ‘கன்வர்ஷன்’ என்று வழங்கும் உருமாற்றக் கலை இவ்வாறு இல்லாமையின் குழந்தையாகவே வளர்ந்தது.

1975ஆம் ஆண்டில் லண்டனில் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் என்னும் நிறுவனம் தோன்றியது. அது 1983இல் ‘வார்ஹேமர்’ என்னும் புராணப் பாணிப் போர் விளையாட்டையும், 1987இல் எதிர்காலத்தைக் களமாகக் கொண்ட ‘வார்ஹேமர் 40,000’ என்பதையும் வெளியிட்டது. அந்த 1987ஆம் ஆண்டிலேயே, வர்ணம் தீட்டுவோர்க்கெனக் ‘கோல்டன் டீமன்’ என்னும் போட்டியும் தொடங்கப்பெற்றது. இன்று அந்நிறுவனத்தின் தலைமையிடமாகிய நாட்டிங்காம் நகரம் இக்கலைஞர்க்கு ஒரு புண்ணியத்தலம் போன்றது.

களமும் கணக்கும்

விளையாட்டு எவ்வாறு நிகழ்கிறது என்பதைச் சுருங்கச் சொல்வோம். ஒவ்வொரு வீரனுக்கும் வண்டிக்கும் அதன் வலிமைக்கேற்ப ஒரு புள்ளி விலை உண்டு. இருவரும் சமமான புள்ளிகளுக்குச் சேனை திரட்டுகின்றனர். ‘வார்ஹேமர் 40,000’ போட்டிகளில் 2,000 புள்ளிகள் என்பது பெருவழக்கு. 60 அங்குல நீளமும் 44 அங்குல அகலமும் கொண்ட மேசைமேல் இடிந்த கட்டடங்களும் குன்றுகளும் அமைக்கப்படுகின்றன. உருவங்களை அளவு நாடாவால் அங்குலக் கணக்கில் அளந்து நகர்த்த வேண்டும். தாக்குதலின் விளைவைப் பகடை தீர்மானிக்கிறது. ஓர் ஆட்டம் முடியச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். சனி, ஞாயிறு ஆகிய இரு நாட்களில் ஐந்து ஆட்டங்கள் என்பது பல போட்டிகளின் அமைப்பு.

இங்கே வர்ணத்துக்கு என்ன வேலை என்று தோன்றலாம். 2020ஆம் ஆண்டில் வெளிவந்த விதிப் பதிப்பு, சேனை முழுவதும் வர்ணம் தீட்டப்பட்டு, நிற்கும் தட்டுகளும் நிறைவு செய்யப்பட்டிருந்தால், ஆட்டத்தின் 100 மதிப்பெண்களுள் 10 அதற்கே உரியன என்று வகுத்தது. 2023ஆம் ஆண்டின் பதிப்பிலும் அவ்விதி தொடர்ந்தது. போர்த்தந்திரத்தில் வல்லவனாயினும், சாம்பல் நிறப் பிளாஸ்டிக்கை அப்படியே கொண்டு வந்து நிறுத்துபவன் ஒவ்வோர் ஆட்டத்தையும் பத்து மதிப்பெண் நஷ்டத்தோடு தொடங்குகிறான். எதிரில் நிற்பவருக்கும் பார்ப்பவருக்கும் கண்ணுக்கினிய காட்சி அளிப்பது விளையாடுவோரின் கடமைகளுள் ஒன்று என்பதே இவ்விதியின் உட்பொருள்.

ஒரு சேனைக்கு ஒரு கருத்து

சிலர் அழகான உருவங்களைத் தனித்தனியே சேர்க்கின்றனர். ஒன்றாக நிறுத்தினால் அது சந்தைக் கூட்டமாகவே தோன்றும். வேறு சிலர் தனித்தனியே சாதாரணமான உருவங்களைக்கூட ஒரு கருத்தின்கீழ் கொணர்ந்து, கண்டவுடன் ‘இது ஒரு சேனை’ என்று சொல்ல வைக்கின்றனர். வேறுபாடு எங்கே உள்ளது? கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்பே சில வினாக்களுக்கு விடை கண்டதில் உள்ளது. இவ்வீரர் எந்த மண்ணினர்? அங்கே வெயில் மிகுதியா, மழை மிகுதியா? உடைந்த கருவிக்குப் பதிலாக அவர்கள் எதைப் பயன்படுத்துவர்? எதனைப் புனிதமாகக் கருதுவர்?

ஓர் உதாரணம் கொள்வோம். ‘வார்ஹேமர் 40,000’ உலகில் அஸ்ட்ரா மிலிட்டாரம் என்னும் மானுடக் காலாட்படை உண்டு. அதன் பெட்டி ஒன்றில் ஒரே சீருடையணிந்த பத்து வீரர்கள் இருப்பர். அவர்களை நாம் கடலோர மீனவக் குடியினரின் படையாக மாற்ற விரும்புகிறோம் என்று வைத்துக்கொள்வோம். உப்புக் காற்றில் சாயம் போன துணி, தோளில் சுருட்டிய வலை, இடுப்பில் மீன் அறுக்கும் கத்தி, முழங்காலுக்கு மேல் மடித்த கால்சட்டை, துருவேறிய இரும்பு ஆகிய ஐந்து அடையாளங்கள் போதும். இவை பத்து வீரரிலும் ஏதேனும் ஒரு வகையில் திரும்பத் திரும்ப வர வேண்டும். ஆனால் ஒருவனிடமே ஐந்தும் குவிந்துவிடக் கூடாது. பாட்டில் பல்லவி மீண்டும் மீண்டும் வருவதுபோல் ஒரு குறி மீண்டும் மீண்டும் வரும்போது, பலராயிருந்தவர் ஒரு படையாகின்றனர்.

அறுத்தலும் பொருத்தலும்

இதற்கு வேண்டிய கருவிகள் மிகச் சில. கூரிய சிறு கத்தி, நுனிக் குறடு, மெல்லிய அரம், கையால் திருகும் சிறு துளைப்பான் ஆகியவற்றோடு தொடங்கலாம். பிளாஸ்டிக்கோடு பிளாஸ்டிக்கை இணைக்க, அதற்கென உள்ள சிமெண்ட்டே சிறந்தது. அது இரு பரப்புகளையும் சிறிது கரைத்து ஒன்றாக்கி விடுவதால், உலர்ந்தபின் இணைப்பு எளிதில் பிரியாது. உலோகத்தையோ பிசின் வார்ப்பையோ ஒட்ட ஃபெவிக்விக் போன்ற பசை வேண்டும். ஆயினும் அப்பசை இழுப்பைத் தாங்குமேயன்றித் திடீர் அடியைத் தாங்காது. ஆகவே கனமான கையையோ வாளையோ பொருத்தும்போது, இரு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் அளவு துளையிட்டு, காகிதம் கோக்கும் கம்பியில் ஒரு துண்டை உள்ளே செருகி ஒட்டுவது முறை. தச்சர் மரத்துக்கு ஆப்பு வைப்பது போன்றதே இது.

தலை மாற்றுவது உருமாற்றத்தின் முதற்பாடம். கழுத்தை நேராக வெட்டாமல், சட்டைக் காலரின் விளிம்பை ஒட்டி வெட்டினால் இணைப்பு மறைந்துவிடும். தலையைச் சற்றே ஒரு பக்கம் திருப்பி ஒட்டினால், அதே உடல் வேறொரு மனிதனாகிவிடும். பத்து வீரரும் ஒரே திசையை நோக்கும்போது பொம்மைகளாகத் தோன்றுவர். ஒருவன் பின்னால் திரும்பித் தோழனைப் பார்த்தால் அங்கே ஒரு கதை பிறக்கிறது.

இடைவெளியை நிரப்பவும், துணி மடிப்பையும் முடியையும் உருவாக்கவும் இருபகுதிக் களிமம் பயன்படுகிறது. மேலை நாட்டார் மஞ்சளும் நீலமுமான இரு பட்டைகளைப் பிசைந்து பச்சையாக்கிக் கொள்வர். அதனாலேயே அதற்குப் ‘பச்சைச் சரக்கு’ என்று பெயர். பிசைந்த பிறகு ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் அது வளைந்து கொடுக்கும். மறுநாள் காலையில் இறுகியிருக்கும். கருவியைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் ஒட்டாது. நம் ஊர்களில் ஒழுகும் குழாயை அடைக்கும் எம்-சீலும் இதே இனத்தைச் சேர்ந்தது. நுண்ணிய முகவேலைக்கு அது பொருந்தாவிடினும், பாறைக்கும் இடிந்த சுவருக்கும் போதுமானது.

மற்றவை வீட்டிலேயே உள்ளன. காயத்துக்குக் கட்டும் சல்லாத் துணியை ஃபெவிக்கால் கரைத்த நீரில் நனைத்துப் போர்த்தினால் மீன்வலையாகும். துடைப்பத்து ஈர்க்கு துடுப்பின் காம்பாகும். பயன்படுத்திய தேயிலையை நன்றாக உலர்த்தித் தூவினால் சருகாகும். வடிகட்டியில் சலித்த ஆற்றுமணல் கடற்கரையாகும். கொலுவுக்கு அடியில் ஊர் அமைத்துப் பழகிய கைகளுக்கு இவற்றைக் கற்பிக்க வேண்டுவதில்லை.

மாற்றத்துக்கு ஒரு வரம்பு

இத்தனை சுதந்திரம் அளிக்கும் இக்கலை, ஓரிடத்தில் கண்டிப்பாக ஒரு கோடு கிழிக்கிறது. எதிரில் நிற்பவர் பார்த்தவுடன் எது எது என்று அறிந்துகொள்ள வேண்டும். ‘காண்பது எதுவோ அதுவே உள்ளது’ என்று இவ்விதியைச் சொல்வர். தீயை உமிழும் துப்பாக்கிக்குரிய புள்ளிகளைக் கொடுத்துவிட்டு, உருவத்தின் கையில் வேறு துப்பாக்கியை வைத்திருத்தல் ஆகாது. மீனவனின் கையில் ஈட்டியைக் கொடுத்துவிட்டு, ஆட்டத்தின் நடுவே ‘அது உண்மையில் நெடுந்தூரத் துப்பாக்கி’ என்றால் எதிரி என்ன செய்வார்? அவர் அமைத்த தந்திரம் முழுவதும் பொய்யான காட்சியின்மேல் அமைந்ததாகிவிடும்.

அளவும் அவ்வாறே. உருவம் நிற்கும் வட்டத் தட்டுகள் 25, 32, 40 மில்லிமீட்டர் எனப் பல விட்டங்களில் உள்ளன. தூரங்கள் தட்டின் விளிம்பிலிருந்து அளக்கப்படுவதால், சிறிய தட்டில் நிறுத்தினால் குறுகிய சந்தில் நுழையலாம்; பெரிய தட்டில் நிறுத்தினால் அதிக இடத்தை வளைத்துக் கொள்ளலாம். நிற்க வேண்டிய வீரனைப் படுத்த நிலையில் அமைத்தால் சுவருக்குப் பின்னால் முழுவதும் மறைந்துவிடுவான். பகைவர் அவனைச் சுட இயலாது. இவ்வாறு அழகின் பெயரால் ஆதாயம் தேடுவதைப் போட்டி நடத்துவோர் ஒப்புவதில்லை. அத்தகைய உருவத்தை மேசையிலிருந்து விலக்கும் உரிமை நடுவருக்கு உண்டு. ஆறு மாத உழைப்பு ஒரு நொடியில் பெட்டிக்குத் திரும்பிவிடும்.

மேலும், நிறுவனமே நடத்தும் போட்டிகளில் அந்நிறுவனத்தின் உருவங்களே அனுமதிக்கப்படுகின்றன. பிறர் நடத்தும் போட்டிகளிலோ, வேறு நிறுவனத்தாரின் உருவங்களையும், அண்மைக் காலத்தில் பெருகியுள்ள முப்பரிமாண அச்சு உருவங்களையும் ஏற்பதா என்பதை நடத்துவோரே முடிவு செய்கின்றனர். ஆகவே உருமாற்றிய சேனையோடு செல்ல விரும்புவோர், புகைப்படங்களை முன்கூட்டியே அனுப்பி இசைவு பெறுவதே அறிவுடைமை.

இவ்வரம்பு கலைஞனின் கையைக் கட்டிவிடுகிறது என்று சிலர் முறையிடுவதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. கையைக் கட்டுவதற்குப் பதிலாக இது கலைஞனை ஓர் உயர்ந்த வினாவுக்கு இட்டுச் செல்கிறது. எதை மாற்றலாம்? எதை மாற்றலாகாது? மீனவப் படையில் தலைப்பாகை மாறலாம், உடை மாறலாம், நிறம் மாறலாம், நிற்கும் மண் மாறலாம். கையிலுள்ள ஆயுதத்தின் வடிவமும் உடலின் பருமனும் மாறலாகா. புறக்கோலம் எவ்வளவு மாறினும், இன்னாரென்று அடையாளம் காண உதவும் ஒன்றிரண்டு குறிகள் காக்கப்பட வேண்டும். ஊர்விட்டு ஊர் வந்து, உடையும் மொழியும் உணவும் ஓரளவு மாறி வாழும் நமக்கு இவ்வினா புதியதன்று.

தூரிகையின் வேலை

வர்ணம் தீட்டுவது படிப்படியாகச் செய்ய வேண்டிய வேலை. முதலில் உருவத்தைச் சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, அடிப்பூச்சு அடிக்க வேண்டும்; இல்லையேல் வர்ணம் விரல்பட உரிந்துவிடும். பிறகு பெரும்பகுதிகளுக்கு முதல் நிறம். வர்ணத்தைப் புட்டியிலிருந்து எடுத்தபடியே பூசாமல், சிறிது நீர் சேர்த்து மெல்லிய இரு பூச்சாகப் பூசுவது நன்று. தடித்த ஒரே பூச்சு, முகத்தின் மூக்கையும் கண்ணையும் மூடிவிடும்.

அடுத்தது நிழல். மிக நீர்த்த பழுப்பு நிறத்தை மேலே படரவிட்டால் அது தானே பள்ளங்களில் இறங்கித் தங்கி, மடிப்புகளை எடுத்துக்காட்டும். அதன்பின் ஒளி. தூரிகையில் வெளிர்நிறத்தைத் தோய்த்து, காகிதத்தில் துடைத்துப் பெரும்பாலும் உலர்ந்த நிலையில் மேலாகத் தேய்த்தால், மேடுகளில் மட்டும் நிறம் பிடிக்கும். ஓர் அங்குல உருவத்தின்மேல் இயற்கையான வெளிச்சம் போதிய நிழலை உண்டாக்காது. ஆகவே நாமே நிழலையும் ஒளியையும் எழுதிக் காட்டுகிறோம்.

சேனை முழுவதுக்கும் மூன்று நிறங்களுக்கு மேல் முதன்மை தரலாகாது. நம் மீனவப் படைக்கு வெளிறிய நீலம், உப்பு வெண்மை, துருவின் செம்மஞ்சள் ஆகிய மூன்றும் பொருந்தும். நீலமும் செம்மஞ்சளும் ஒன்றையொன்று எடுத்துக்காட்டும் எதிர்நிறங்கள்; ஆகையால் சிறு துருப்புள்ளியும் தொலைவிலிருந்தே தெரியும். போட்டி மேசையை மக்கள் மூன்றடி தூரத்தில் நின்று பார்க்கின்றனர். அத்தூரத்தில் கண்ணின் கருவிழி தெரிவதில்லை. முகமும், நிற மாறுபாடும், தட்டின் மண்ணுமே தெரிகின்றன. எல்லாத் தட்டுகளுக்கும் ஒரே மணல், ஒரே விளிம்பு நிறம் அமைந்தால், வர்ண வேலையில் உள்ள ஏற்றத்தாழ்வுகள்கூட மறைந்து, சேனை ஒன்றுபட்டுத் தோன்றும்.

மழைக்காலத்தில் பம்பாய், கல்கத்தா, சென்னை போன்ற ஊர்களில் இருப்போர் ஓர் எச்சரிக்கை கொள்ள வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது டப்பாவிலிருந்து பீச்சும் அடிப்பூச்சோ வார்னிஷோ வெண்பனி படர்ந்ததுபோல் மங்கிவிடும். உலர்ந்த நாளுக்குக் காத்திருக்க வேண்டும். இயலாவிடில் தூரிகையாலேயே பூசலாம்.

பட்டியலில் ஒரு தமிழ்ச் சேனை

இக்கலை எதிர்காலக் கற்பனைகளோடு நின்றுவிடவில்லை. பண்டைக்காலப் போர்களை ஆராய்ந்து விளையாடுவோரும் பலர். 1990ஆம் ஆண்டில் பில் பார்க்கர் முதலியோர் வெளியிட்ட ‘டி.பி.ஏ.’ என்னும் விதித் தொகுதியில் ஒரு சேனைக்குப் பன்னிரண்டு தட்டுகளே போதும். இரண்டடிச் சதுரப் பலகையில் ஆட்டம் முடிந்துவிடும். அதன் சேனைப் பட்டியலில் ரோமர், மங்கோலியர் ஆகியோரோடு தமிழர்-சிங்களர் சேனைக்கும் ஓர் இடம் உண்டு என்பது நேயர்கள் அறிந்து மகிழத்தக்க செய்தி.

ஆனால் அச்சேனைக்கென்றே வார்த்த உருவங்களைத் தேடிப் பெறுவது எளிதன்று. வடநாட்டுப் பழம்படைகளுக்கென வார்த்த வீரரையே உருமாற்ற வேண்டியிருக்கும். இங்கே களிமமும் கத்தியும் மட்டும் போதா, வரலாறும் வேண்டும். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுற்றுச்சுவரில் பல்லவர் வரலாறு சிற்பங்களாகத் தொடர்கிறது. போர்க்காட்சிகளும் அங்கே உள. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்திய வீரரின் கோலத்தைக் காணலாம். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் படைப்பிரிவுகளின் பெயர்களே பொறிக்கப்பட்டுள்ளன. சோழர்க்குப் புலி, பாண்டியர்க்குக் கயல், சேரர்க்கு வில் என்னும் கொடிக்குறிகளை நாம் அறிவோம். மொகலாயர் காலத்துக் கால்சட்டையும் அங்கியும் அணிந்த உருவத்துக்குப் புலிக்கொடி கொடுத்துவிட்டால் அது சோழன் படை ஆகிவிடாது. கால்சட்டையைச் செதுக்கி நீக்கி, இடைக்கச்சையும் முடிந்த கொண்டையும் களிமத்தால் அமைக்கும் பிள்ளை, பாடப்புத்தகத்தில் கடந்துசென்ற பக்கத்தைத் தானே விரும்பித் திரும்பப் படிப்பான்.

குடும்பத்தார்க்குச் சில சொற்கள்

செலவும் காலமும் இதில் மிகுதி என்பதை மறைக்க வேண்டுவதில்லை. அறுபது உருவங்கள் கொண்ட ஒரு சேனைக்கு, உருவம் ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் என்று கணக்கிட்டாலும் 120 மணி நேரம் ஆகிறது. நாள்தோறும் மாலையில் ஒரு மணி நேரம் செலவிட்டால் நான்கு மாதங்கள். பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கிவிட்டு எதையும் முடிக்காமல் சோர்வடைவோர் எல்லா நாடுகளிலும் உண்டு. பத்து உருவங்களை முற்றும் முடித்த பின்னரே அடுத்த பெட்டியை வாங்குவது என்னும் விதியை வீட்டில் ஏற்படுத்துதல் நலம். தொடங்குவோர் பன்னிரண்டு தட்டுச் சேனை போன்ற சிறியதை மேற்கொள்ளலாம். அது ஒரு மிட்டாய் டப்பாவில் அடங்கும். வீடு மாறும்போதும் சுமையாகாது.

சில பாதுகாப்பு முறைகளும் இன்றியமையாதவை. கத்தியை எப்பொழுதும் உடலுக்கு எதிர்ப்புறமாகவே செலுத்த வேண்டும். மழுங்கிய அலகே வழுக்கிக் கையை வெட்டும் என்பதால் அலகை அடிக்கடி மாற்ற வேண்டும். பழைய உலோக உருவங்களில் ஈயம் கலந்திருக்கும். அவற்றை அரத்தால் தேய்த்தபின் கையை நன்றாகக் கழுவாமல் உணவைத் தொடலாகாது. சிறு குழந்தைகள் வாயில் வைக்கும்படி விட்டுவிடவும் கூடாது. பிசின் வார்ப்பைத் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகமூடி அணிந்து, தூள் பறவாமல் நீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். பீச்சும் வர்ணத்தை மூடிய அறையில் பயன்படுத்தலாகாது. வர்ணம் தோய்த்த தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கும் பழக்கத்தைத் தொடக்கத்திலேயே தடுத்துவிட வேண்டும்.

போர் என்பதைப் பிள்ளைகளுக்கு விளையாட்டாக்கலாமா என்று கேட்போர் உளர். கேட்கத்தக்க கேள்வியே. சதுரங்கம் ஆடிய நம் முன்னோரிடமும் இக்கேள்வி எழுந்திருக்கக்கூடும். இங்கே வெற்றி தோல்விக்குப் பிறகு இருவரும் கைகுலுக்குகின்றனர். வீழ்ந்த வீரர் அனைவரும் மறுபடியும் பெட்டியில் எழுந்து படுத்துக்கொள்கின்றனர். தன் கையால் நான்கு மாதம் உழைத்து உருவாக்கியதை, எதிரே நிற்பவர் ‘அழகாக இருக்கிறதே!’ என்று கையிலெடுத்துப் பார்ப்பதற்கு இசைவதும், அவர் உழைப்பை அவ்வாறே பாராட்டுவதும் பகைமையை வளர்க்கும் செயல்களல்ல.

எனவே, பிள்ளையின் மேசைமேல் தலையில்லாத பிளாஸ்டிக் உடல்களும் உடலில்லாத தலைகளும் சிதறிக் கிடக்கக் கண்டால் பெற்றோர் உடனே கடிந்துகொள்ள வேண்டுவதில்லை. ‘இவர்கள் எந்த ஊர்ப் படை? இவன் கையில் இருப்பது என்ன?’ என்று கேட்கலாம். முதல் வினாவுக்கு விடை சொல்லும்போது பிள்ளையின் கற்பனை தெரியும்; இரண்டாவதற்கு விடை சொல்லும்போது நேர்மை தெரியும். இரண்டும் சேர்ந்து வளருமானால், மேசையை ஒரு மூலையில் அவனுக்கு ஒதுக்கிக் கொடுப்பது வீண் போகாது.